மூன்று மூச்சு

எல்ம் ரிட்ஜ், அயோவா
இரண்டாம் மாதம் 9, 1958

அன்புத் தங்கை ரோடாவுக்கு,

இங்கு யாவரும் நலம். லவீனாவின் இடது முழங்கால் மட்டும் பனி உருகும்வரை வளைய மாட்டேன் என்கிறது. நீயும் உன் வெள்ளாடுகளும் உன் பள்ளிப் பிள்ளைகளும் அந்த ஏரிக்கரைக் குளிரில் எவ்வாறு இருக்கிறீர்கள் என்று எழுது.

வரும் ஒன்பதாம் மாதத்தோடு நண்பர்கள் கூட்டம் என்னும் நம் சபை எல்ம் ரிட்ஜில் கால் ஊன்றி நூறாண்டு நிறைகிறது. அன்று வழிபாடு முடிந்ததும், நம்மவராக வாழ்ந்து மறைந்தோர் பெயர்களையெல்லாம் பெயரேட்டிலிருந்து உரக்கப் படிப்பதென்று முடிவு. படிக்க வேண்டியவன் அவைக் குறிப்பெழுதும் எழுத்தனாகிய நான். முந்நூற்றுப் பதினேழு பெயர்கள்.

சென்ற வார முதல் நாளாகிய ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் ஆக்சா அத்தை வாயிற்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தொரு அகவை. கண் பாதி மங்கிவிட்டது, பிடி மங்கவில்லை. “ஏன்டா எல்வுட், என் பையன் பேரு வருமா, வராதா?” என்றார். நான் ஏதோ முணுமுணுத்தேன். “முணுமுணுக்காத. ஏற்கெனவே கண்ணு போச்சு, காதையும் போக்கிடாத” என்றார்.

அவர் மகன் வெண்டலை நீ மறந்திருக்க மாட்டாய். படையில் சேர்ந்தான் என்பதற்காக 1943 பத்தாம் மாதம், போர் ஆகாது என்னும் நம் அவை அவன் பெயரை ஏட்டிலிருந்து நீக்கியது. அடுத்த இளவேனிலில் இத்தாலியில் போரில் மாண்டான். நீக்கிய குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. “அனைவரும் ஓருள்ளமாய் இசைந்தனர்” என்று முடிகிறது. நான் எழுத்தனான முதலாண்டு அது.

நம் முறை நீ அறிந்ததே. கை தூக்கி எண்ணுவதில்லை நாம். எழுத்தன் குறிப்பைப் படிப்பான். மாறுபடுகிறவர் எழுவார். எவரும் எழாவிடில் அது உடன்பாடு. உடன்பாட்டில் எழுதியதை எளிதில் மறு ஆய்வுக்குத் திறக்க முடியாது என்கிறார் மூத்தவர் மைக்கா ஹாக்கெட். அன்று அவையில் இருந்த ஒருவரேனும் “நான் இசையவில்லை” என்று சொன்னால்தான் அந்தக் குறிப்பு உடன்பாடன்று என்றாகும். அப்போது திறக்கலாம்.

அன்றிருந்தவருள் இன்றிருப்போர் ஏழு பேர். அவர்களுள் நீ ஒருத்தி. மூன்றாம் வரிசையில் இருந்தாய். அன்று நீ இசைந்தாயா? ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

உடம்பைப் பேணிக்கொள்.

உன் அண்ணன்
எல்வுட்

*

கூட்டெனே ஏரிக்கரை, பிரிட்டிஷ் கொலம்பியா
மூன்றாம் மாதம் 2, 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அண்ணியின் முழங்காலுக்குக் கடுகுத்தூளை வெந்நீரில் குழைத்துத் துணியில் தடவிக் கட்டச் சொல். அரை நாழிகைக்கு மேல் வேண்டா, தோல் வெந்துபோகும்.

ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. கரை ஓரத்தில் மட்டும் பனிப்பாளம் விரிசல் விட்டு, துப்பாக்கி வெடித்ததுபோல் ஓசை எழுப்புகிறது. ஒரு வெள்ளாடு இரட்டைக் குட்டி ஈன்றது. ஒன்று தாயை விட்டு அகலாது, மற்றொன்று வீட்டுக் கூரைமேல்தான் நிற்பேன் என்கிறது. பள்ளியில் இவ்வாண்டு பத்தொன்பது பிள்ளைகள். அடுப்புக்கு விறகு பிளப்பது மூத்த பெண்களின் வேலை என்று வைத்திருக்கிறேன். பையன்கள் ரொட்டி சுடுகிறார்கள். ரொட்டி கல்லாக இருக்கிறது. விறகு நன்றாகப் பிளக்கப்படுகிறது.

மேப்பிள் பாகு அனுப்பியதற்கு நன்றி. பாதிதான் வழியில் சிந்தியது.

அன்புடன்
ரோடா

ஆக்சா அத்தைக்கு ஒரு கண்ணாவது நன்றாகத் தெரிகிறதா?

*

எல்ம் ரிட்ஜ்
மூன்றாம் மாதம் 16, 1958

அன்புத் தங்கைக்கு,

கடுகுக் கட்டு வேலை செய்கிறது. லவீனா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நேற்று அவளே கோழிக்கூடு வரை நடந்தாள். உன் நலம் அறிந்து மகிழ்ந்தேன்.

நான் கேட்டதற்கு நீ விடை எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று எண்ணி மீண்டும் கேட்கிறேன்.

அன்றிருந்த மற்றவர்களைப் போய்ப் பார்த்தேன். மூவர் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: எல்லாரும் இசைந்ததாகத் தோன்றியது, ஆகவே பேசவில்லை. மீதி நால்வரில் ஒருவர் நான், எழுத்தன். ஒருவர் மைக்கா. அவர் சொன்னது இது: “யாராச்சும் எந்திரிச்சாங்களா? இல்ல. அப்ப என்ன அர்த்தம்? இப்ப வந்து மனசுக்குள்ள எந்திரிச்சேன்னு சொன்னா, அத நான் எந்த ஏட்டுல எழுத?” மூன்றாமவர் ஆக்சா அத்தை. பெற்றவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. நான்காவது நீ.

எட்டாம் மாத அவையில் முடிவெடுக்க வேண்டும். அதன்பின் பெயரேடு அச்சுக்குப் போகிறது. வெண்டல் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். உனக்கு ஏதேனும் நினைவிருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

உன் வெள்ளாட்டுக் குட்டி கூரையிலிருந்து இறங்கிவிட்டதா?

எல்வுட்

*

எல்ம் ரிட்ஜ்
ஐந்தாம் மாதம் 11, 1958

ரோடா,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நோயா, சினமா? நோயென்றால் உடனே எழுது. சினமென்றாலும் எழுது.

சோளம் விதைத்துவிட்டோம். ஆக்சா அத்தை நெஞ்சுச் சளியால் மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். இப்போது எழுந்து உட்காருகிறார். லவீனா கோழிச்சாறு எடுத்துப் போகிறாள். போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றே: “ரோடா எழுதினாளா?” பெயரேட்டைப் பற்றி இப்போது கேட்பதே இல்லை.

உன் நலம் நாடும்
அண்ணன்

*

கூட்டெனே ஏரிக்கரை
ஆறாம் மாதம் 1, 1958

அண்ணனுக்கு,

நோயில்லை. ஆக்சா அத்தை எழுந்து உட்கார்ந்தது அறிந்து நெஞ்சு ஆறியது. அண்ணியை என் சார்பில் தழுவிக்கொள்.

சென்ற மாதம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தினேன். “புரியாதவர் உண்டா?” என்று கேட்டேன். அனைவரும் வாய்மூடி இருந்தார்கள். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மாலையில் டோர்காஸ் என்ற பத்து அகவைச் சிறுமி மட்டும் கிளம்பாமல் நின்றாள். “எனக்குப் புரியல டீச்சர்” என்றாள். கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க கேட்டுட்டு புத்தகத்தப் பாத்தீங்க. என்னப் பாக்கல” என்றாள். அன்றிரவு நான் உண்ணவில்லை.

எங்கள் பக்கத்துப் பண்ணையில் ஓய்வுபெற்ற வழக்குரைஞர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் யாரையும் பெயர் சுட்டாமல் கேட்டேன்: பேசாமை இசைவாகுமா? சட்டத்தில் பொதுவாக ஆகாது என்றார். உன் வாயிலில் ஒருவன் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, நீ மறுக்கவில்லை, ஆகவே வாங்கிவிட்டாய் என்று சொல்ல முடியாது. எனக்கு மூச்சு வந்தது. அவர் நிறுத்தவில்லை. பேசவேண்டிய கடமை உடையவர் பேசாதிருந்தால் மட்டும் அது இசைவாகும் என்றார். வந்த மூச்சு நின்றது.

ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைக் கேட்டாய். இரண்டாம் மாதத்திலிருந்து என்னால் ஒன்றையும் எழுத முடியாமற்போனதற்குக் காரணம் சொல்கிறேன். நானும் வெண்டலும் மணந்துகொள்வதென்று இருந்தோம். ஒருவருக்கும் தெரியாது. அறுவடை முடிந்ததும் அவையில் எழுந்து அறிவிப்பதாக இருந்தோம். அவன் படைக்குப் போனது எனக்கும் உடன்பாடில்லை. அதற்காக அவனோடு சண்டையிட்டிருக்கிறேன். ஆயினும் அவன் செயலை மறுப்பது வேறு, அவனையே மறுப்பது வேறு. அந்த வேற்றுமையைச் சொல்லும் சொற்களை அன்று என் நாவில் திரட்டி வைத்துக்கொண்டுதான் அவைக்கு வந்தேன்.

சொல்லவில்லை. நீ படித்தாய். நான் எழவில்லை. இதுதான் நடந்தது.

நாம் நீதிமன்றத்திலும் ஆணையிட்டுச் சாட்சி சொல்ல மறுக்கும் மக்கள். நம் ஆம் ஆமாகவும் நம் இல்லை இல்லையாகவும் இருக்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம். இன்று நான் “இசையவில்லை” என்று எழுதினால் அவன் பெயர் ஏறிவிடும். பொய்யில் ஏற்றிய பெயரை அவன் தாய் கேட்க வேண்டுமா? “இசைந்தேன்” என்று எழுதினால் அவனை இரண்டாம் முறை நீக்குகிறவள் ஆவேன்.

இன்னும் ஒன்று. அவையின் அறிவிப்பு கிடைத்ததும் பாசறையிலிருந்து அவன் எனக்கு எழுதிய மடலில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: “அன்று நீ அங்கே இருந்தாயா?” நான் மறுமொழி எழுதவில்லை.

ரோடா

*

எல்ம் ரிட்ஜ்
ஆறாம் மாதம் 22, 1958

என் அன்புத் தங்கையே,

உன் மடலைக் களத்துமேட்டில் நின்று படித்தேன். நலம் கேட்டு எழுதும் வழக்கமான வரிகளை இன்று என் கை எழுத மறுக்கிறது. பொறுத்துக்கொள்.

ஒருவருக்கும் தெரியாது என்று எழுதினாய். எனக்குத் தெரியும்.

அந்த அவைக்கு முந்தைய நாள் அஞ்சல் பெட்டியில் உனக்கு வந்த மடலைக் கண்டேன். உறைமேல் அவன் கையெழுத்து. பிரிக்கவில்லை. உன் மேசைமேல் வைத்தேன். நீ அதை எடுத்த வகையைக் கண்டதும் விளங்கிவிட்டது.

எழுத்தனுக்குக் கடமை ஒன்றுதான். அவன் பேச்சாளன் அல்லன், நடுவனும் அல்லன். குறிப்பைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து காத்திருக்க வேண்டும். அஞ்சுகிறவருக்குத் துணிவு வர, திணறுகிறவருக்குச் சொல் வர, அவை முழுவதையும் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இல்லையேல் நம் உடன்பாடு உடன்பாடே அன்று. அது வெறும் ஓசையின்மை.

அன்று நான் படித்து முடித்து நிமிர்ந்தேன். மூன்றாம் வரிசையில் உன் கை முன்னிருக்கையின் மேல் விளிம்பைப் பற்றியிருந்தது. உன் குதிகால் தரையை விட்டு எழுந்திருந்தது. நீ எழப்போகிறாய் என்று கண்டேன். கண்டவுடன் குனிந்தேன். குனிந்து, “அனைவரும் ஓருள்ளமாய் இசைந்தனர்” என்று எழுதினேன். மூன்று மூச்சுகூடக் காத்திருக்கவில்லை.

எழுந்தால் உன்னை அவை என்ன சொல்லுமோ, மைக்கா என்ன கேட்பாரோ, ஊர் உன்னை எந்தக் கண்ணால் பார்க்குமோ என்று அஞ்சினேன். உன்னைக் காப்பதாக எண்ணிக்கொண்டேன். பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் எண்ணி வருகிறேன். உன்னை இசைந்தாயா என்று கேட்ட முதல் மடலிலும் இதை மறைத்துத்தான் கேட்டேன். நீ “இல்லை” என்று எழுதிவிட்டால் அன்று என் கை விரைந்து எழுதியதைப் பற்றி எவரும் கேட்க வேண்டியிருக்காது அன்றோ.

இனி நீ ஒன்றும் எழுத வேண்டா. குற்றம் என்னுடையது. எட்டாம் மாத அவையில் நானே எழுந்து சொல்வேன். இசைவதற்கும் மறுப்பதற்கும் இடம் கொடாமல் எழுதப்பட்ட குறிப்பு அது. அது போதும்.

எல்வுட்

*

கூட்டெனே ஏரிக்கரை
ஏழாம் மாதம் 6, 1958

அண்ணா,

நலம். நீ நலமா என்று இம்முறை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் மடலைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் சினந்தேன். மூன்றாம் நாள் ஆட்டுக்கொட்டிலைக் கழுவும்போது ஒன்று தெளிந்தது. நீ என்னிடமிருந்து மூன்று மூச்சைப் பறித்தாய். அதன்பின் எனக்குப் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அடுத்த மாத அவையில் எழுந்திருக்கலாம். அவனுக்கு மறுமொழி எழுதியிருக்கலாம். எழவில்லை, எழுதவில்லை. மலைகளைத் தாண்டி இங்கே வந்தேன்.

ஆகவே உன் குற்றத்தை நீ எடுத்துக்கொள். என் பங்கையும் சேர்த்துத் தூக்கிச் செல்லாதே. அன்று என்னைக் கேளாமல் காத்தாய். மறுபடியும் அதையே செய்யாதே.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவையில் அப்படியே படி. ஒரு சொல்லும் கூட்டாதே, குறைக்காதே. படித்தபின் தலையை நிமிர்த்திக் காத்திரு.

“1943 பத்தாம் மாத அவையில் நான் இருந்தேன். வெண்டல் ஸ்டான்ஃபீல்டின் பெயரை நீக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் எழவில்லை. அஞ்சினேன். அஞ்சிக் கொடுத்த இசைவும் என் வழியே வந்த இசைவுதான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்று அச்சமின்றி அதைத் திரும்பப் பெறுகிறேன். அன்று நான் சொல்லாதது இது: அவன் செய்ததை நான் ஏற்கவில்லை. அவன் நம்மவன். ரோடா பிக்கெட்.”

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ரோடா

*

எல்ம் ரிட்ஜ்
எட்டாம் மாதம் 10, 1958

அன்புத் தங்கைக்கு,

நலம். லவீனா நலம். நேற்று அவை கூடியது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். எவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பின் உன் தாளைப் படித்தேன்.

மைக்கா எழுந்தார். உன் நேர்மையைப் போற்றிவிட்டு, “ஆனா ரோடாவே இசைஞ்சேன்னு ஒத்துக்கிறா. குடுத்த சம்மதத்தப் பதினஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பி வாங்கிக்கலாம்னா, இந்த ஊர்ல ஒரு கல்யாணமாச்சும் நிக்குமா?” என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் அமர்ந்தார். நான் தலையை நிமிர்த்திக் காத்திருந்தேன். இதுவரை எழுத்தனாக நான் செய்த வேலைகளில் கடினமானது அதுதான். சாளரத்தில் ஒரு குளவி முட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் இருமினார். என் கண் ஏட்டின் பக்கம் இழுபடும்போதெல்லாம் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். நீ இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பதினொரு நிமிடம் என்று லவீனா பிறகு சொன்னாள்.

அப்போது ஆக்சா அத்தை எழுந்தார். ஒரு கையில் கோல், மறுகையில் லவீனாவின் தோள். மைக்கா இருக்கும் பக்கமாகத் திரும்பினார். குரல் வந்த திசையை வைத்துத்தான் திரும்பியிருக்க வேண்டும்.

“எல்லாரும் ரோடாவையே கேக்குறீங்க. அது அப்ப இருவத்தி மூணு வயசுப் பொண்ணு. நானும் அன்னிக்கு இங்கதான் உக்காந்திருந்தேன். பெத்தவ. என்னை யாரும் கேக்கல. நானும் வாயத் திறக்கல” என்றார்.

நான் கேட்கத் துணியாததை மைக்கா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்: ஏன் பேசவில்லை?

“நீ பேசுவன்னு இருந்தேன் மைக்கா. ஏர் பிடிக்க அவனுக்குக் கத்துக் குடுத்தவன் நீதான. உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

மைக்கா எழ முயன்றார். பாதியில் அமர்ந்தார். மீண்டும் எழுந்தார். அவர் குரலை அவ்வளவு தாழ்வாக நான் கேட்டதில்லை. “தாயே ஒத்துக்கிட்டா, நான் யாரு குறுக்க நிக்கன்னு பேசாம இருந்துட்டேன், ஆக்சா” என்றார்.

ஓருள்ளமாய் இசைந்தனர் என்று எழுதினேனே, ரோடா. அந்த அவையில் ஒவ்வொருவரும் மற்றவர் வாயைப் பார்த்திருந்தார்கள். எழுத்தனாகிய நான் ஏட்டைப் பார்த்திருந்தேன்.

புதிய குறிப்பை அங்கேயே எழுதினேன்: 1943 பத்தாம் மாதம் உடன்பாடு எனப் பதிந்தது உடன்பாடன்று. வெண்டல் ஸ்டான்ஃபீல்ட் நம்மவராகவே வாழ்ந்து மறைந்தார். பழைய குறிப்பை அடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அத்தை ஒப்பவில்லை. “இருக்கட்டும். அதுக்குக் கீழயே இதையும் எழுது. பின்னால வர்றதுங்க ரெண்டையும் படிக்கட்டும்” என்றார்.

படித்தேன். காத்திருந்தேன். பேசாமல் இருந்தால் போதும் என்பது நம் வழக்கம். ஆனால் மைக்கா உரக்க, “இசையறேன்” என்றார். அடுத்தவர் சொன்னார். அடுத்தவரும் சொன்னார். நாற்பத்தாறு பேரும் ஒவ்வொருவராக வாய் திறந்து சொன்னார்கள். கடைசியாக அத்தை சொன்னார்.

வெளியே வந்ததும் அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, உனக்கு எழுதச் சொன்னது இது: “அவளப் பத்தி என் பையன் எனக்கு நாலு தடவ எழுதினான். ஒண்ணுலயும் குறை சொல்லல. எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லு.”

நூற்றாண்டு நாளுக்கு நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலும் இல்லை.

அன்பு மறவாத
எல்வுட்

*

கூட்டெனே ஏரிக்கரை
எட்டாம் மாதம் 24, 1958

அன்பு அண்ணா,

நலம். பள்ளியை மூன்று வாரத்துக்கு அந்த வழக்குரைஞரிடம் ஒப்படைத்திருக்கிறேன். டோர்காஸ் அவரிடம், “புரியுதான்னு கேட்டா எங்க மூஞ்சியப் பாக்கணும்” என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஒன்பதாம் மாதம் பதினெட்டாம் நாள் மாலைத் தொடர்வண்டியில் வருகிறேன். அண்ணி நிலையத்துக்கு வர வேண்டா, முழங்கால் பாவம். நீ வா.

ஆக்சா அத்தையிடம், அவர் பக்கத்தில் எனக்கு இடம் வைக்கச் சொல். வெண்டல் கேட்ட கேள்விக்குரிய மறுமொழியை எழுதி முடித்துவிட்டேன். அனுப்ப முகவரி இல்லை. அத்தைக்குப் படித்துக் காட்டுவேன்.

உன்னிடம் ஒன்றே கேட்கிறேன். நூற்றாண்டு நாளில் பெயர்களை நீ படிக்கும்போது, அவன் பெயர் வந்ததும் அடுத்த பெயருக்கு விரையாதே. தலையை நிமிர்த்தி மூன்று மூச்சு பொறுத்திரு.

நான் எழுந்து நிற்பேன்.

ரோடா